உறுதிப்பூசுதலுக்கு மீன் தொடாத அம்மாவுக்கு

ஊரெல்லாம் செல்லம்மா என்று கூப்பிட்ட என் அம்மாவுக்கு,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பின்கட்டு இந்த வருஷமும் ஒழுகியது. நீ வைக்கிற அதே மூலையில் நீ மீன் சுமந்த அலுமினிய அன்னக்கூடையைத்தான் வைத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தும் அதன் வாடை போகவில்லை, போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு திரிந்தவள்தான் இதை எழுதுகிறேன். சிரிக்காதே.

நம் ஊர் தலத்தெருவில் இப்போது பாதி வீட்டுக் கூரையில் டிவி ஆண்டெனா முளைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிள்ளைகள் கால்வாசிதான் வருகிறார்கள். நீ மீன் போட்ட மதாம் வீடு பூட்டிக் கிடக்கிறது, மகன் பிரான்சுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் பாண்டிச்சேரியிலிருந்து பிஷப் ஆண்டகை வருகிறார். உறுதிப்பூசுதல் வகுப்பை நான்தான் எடுக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் பிடித்துக்கொண்டார். "நீங்க டீச்சருங்க. பிள்ளைங்க உங்களுக்குத்தான் அடங்கும்" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன ஞாயிறு முதல் வகுப்பு. அங்கே ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம். ஆனால் பழைய கதையைச் சொன்னால்தான் புதியது விளங்கும். உனக்கு விளங்கிவிடும், கூட இருந்து படிக்கிறவர்களுக்கு வேண்டுமே.

நான் எட்டாவது படித்த வருஷம் அது. அப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அப்பா தலத்தெருத் தையல்காரர், பரம்பரையாக வேதக்காரர். நீ மண்டபத்தூர் கடற்கரைப் பெண், மாரியம்மனுக்குத் தீ மிதித்த வீட்டுப் பெண். அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கி ஆரோக்கியமேரி ஆனாய். உன் வீட்டார் உன்னைத் தலைமுழுகிவிட்டார்கள். அப்பா வீட்டார் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அத்தை கடைசிவரை உன்னைப் "புதுசா வந்தவ" என்றுதான் சொன்னார். பதினைந்து வருஷம் ஆகியும் நீ அத்தைக்குப் பழகவில்லை.

ஞானஸ்நானம் ஆனதோடு சரி, ஆண்டகை நெற்றியில் தைலம் பூசி வேதத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதல் உனக்கு நடக்கவேயில்லை. ஆண்டகை வந்தபோதெல்லாம் ஒருதரம் நான் வயிற்றில் இருந்தேன், ஒருதரம் அப்பா படுக்கையில் இருந்தார். அந்த வருஷம் சாமியார் பிரசங்கத்தில், விட்டுப்போன பெரியவர்களும் வகுப்பில் சேரலாம் என்று சொன்னதும் நீ முழங்கையால் என்னை இடித்தாய்.

"நானும் வரேன்டி."

"எதுக்கும்மா இந்த வயசுல?"

"அரைகுறையா நிக்கிறேன்ல. அதையும் பூசிட்டா முழுசா உங்கப்பா பக்கத்துல சேந்துருவேன். யாரும் புதுசுன்னு சொல்ல மாட்டாங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. காரைக்கால் கான்வென்டில் என்னோடு படித்த டவுன் பிள்ளைகளிடம், எங்கள் அம்மா வீட்டிலேயே இருந்து அப்பாவின் மிஷினில் தைக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். நீயோ விடியும் முன் மண்டபத்தூர் கரைக்குப் போய் மீன் எடுத்து, ஏழு வீட்டுக்குக் கூவிக் கூவிப் போட்டுவிட்டு, அந்தக் கையோடு வருவாய். வகுப்பு சாயங்காலம் நாலு மணிக்கு, கான்வென்ட் கூடத்தில், அதே டவுன் பிள்ளைகளோடு; பிள்ளைகளில் நம் ஊரிலிருந்து நான் மட்டும்தான்.

அதனால் சட்டம் போட்டேன். என் பக்கத்தில் உட்காரக் கூடாது. கூடத்துக்குள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சேர்ந்து நடந்து வரக் கூடாது. நீ சேலை முந்தானையை முகர்ந்து பார்த்தாய். "வாடை அடிக்குதோ?" என்றாய். பிறகு, "சரிடி" என்று சிரித்தாய். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு முன்னால் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு, எனக்குப் பின்னால் முப்பது அடி தள்ளியே நடந்து வந்தாய். கடைசி பெஞ்சில் இன்னும் இரண்டு பெரியவர்களோடு உட்கார்ந்துகொண்டாய். நீ ஒரு தடவைகூட என் சட்டத்தை மீறவில்லை அம்மா. மீறியிருந்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

உனக்கு எழுத்து தெரியாது. ராத்திரிச் சோறு ஆகும்வரை நான் ஞானோபதேசப் புத்தகத்தை வாசிக்க, நீ அடுப்பு ஊதிக்கொண்டே திருப்பிச் சொல்வாய். மந்திரமெல்லாம் உனக்கு வந்துவிட்டது. பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகள் மட்டும் வரிசை பிசகிக்கொண்டே இருந்தன. மூன்றாவது நாள் நீயே வழி கண்டுபிடித்தாய்.

"நான் மீன் போடுறது ஏழு வூடு. கொடையும் ஏழு. வூட்டுக்கு ஒண்ணா எறக்கி வச்சிடுறேன்."

முதல் வீடு வாத்தியார் வீடு, அங்கே ஞானம். அடுத்தது கணக்குப்பிள்ளை வீடு, புத்தி. வக்கீல் குமாஸ்தா வீட்டில் விமரிசை, அதாவது நல்ல ஆலோசனை. லாரிக்காரர் வீட்டில் திடம். கம்பவுண்டர் வீட்டில் அறிவு. எந்நேரமும் செபமாலையும் கையுமாக இருக்கும் மதாம் வீட்டில் பக்தி. கடைசி போலீஸ்காரர் வீடு, அங்கே தெய்வபயம். "அந்த வூட்ல மட்டும் பேரம் பேசுனா பயமாத்தான் இருக்கும்" என்றாய். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் சோறு அடி பிடித்தது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கொடைகள் அந்த வீட்டு வாசல்களோடுதான் ஞாபகம் வருகின்றன.

ஆண்டகை வருவதற்கு முந்தின ஒன்பது நாளும் விரதமாக இருந்து ஜெபியுங்கள் என்று சாமியார் சொல்லியிருந்தார். உனக்குத் தெரிந்த விரதம் ஒன்றுதான், மண்டபத்தூரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் இருக்கிற விரதம். மறுநாளே மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாய். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு செபமாலை. பாயை விட்டு வெறுந்தரையில் படுக்கை. செருப்புக் கிடையாது. கூடை நிறைய மீனைச் சுமந்து விற்றுவிட்டு வந்து, நமக்கு வெறும் கத்தரிக்காய்க் குழம்பு. நான் முனகியபோது, "விக்கிறது பொழப்பு. திங்கிறதுதான் கூடாது" என்றாய்.

மூன்றாம் நாள் உன் அண்ணன், அதாவது என் மாமா, கரையில் உன்னோடு பேசினார். பகைத்தவர்களோடு சமாதானம் ஆகிவிட்டு வாருங்கள் என்று சிஸ்டர் வகுப்பில் சொன்னதை நீ அப்படியே எடுத்துக்கொண்டாய். எத்தனையோ வருஷமாக உன் முகத்தைப் பாராமல் உன் கூடையில் மீனைக் கொட்டிக்கொண்டிருந்த மனிதரிடம், "அண்ணே, என் மேல இருக்குற வருத்தத்த விட்டுடுங்க" என்று போய் நின்றிருக்கிறாய். அவர் ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தூக்கி உன் கூடையில் போட்டு, "புள்ளைக்கு ஆக்கிக் குடு" என்று மட்டும் சொன்னாராம். அந்த மீனை வைத்துக்கொண்டு நீ பட்ட பாடு! தின்ன முடியாது, விற்க மனமில்லை. கடைசியில் கீறி உப்புப் போட்டுக் கூரையில் காயவைத்தாய். "ஆண்டகை வந்துட்டுப் போவட்டும், அன்னிக்கு ஆக்குவோம்."

ஐந்தாம் நாள் சாயங்காலம் என்ன நடந்தது என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் நாம் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

அந்த வருஷம்தான் புதிதாக மாற்றலாகி வந்த சிஸ்டர், இந்த ஒன்பது நாளில் என்ன ஒறுத்தல் செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தி மிட்டாய் தின்பதில்லை என்றாள். ஒருத்தி சினிமாவுக்குப் போகவில்லை என்றாள். கடைசி பெஞ்சிலிருந்து நீ எழுந்தாய்.

"நாங்க மீன் தொடுறதில்லைங்க சிஸ்டர். ஒம்போது நாளும் சட்டியில ஏத்துறதில்ல. நானும் எம் பொண்ணும்."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. "ஏம்மா, விரதம்னா இறைச்சிதான் கூடாது. மீன் தாராளமா சாப்பிடலாமே! பெரிய வெள்ளிக்கே மீன்தானே ஆக்குறாங்க?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய், கையால் வாயை மூடிக்கொண்டு. சிஸ்டர் விடவில்லை. "பொண்ணுன்னீங்களே, இந்த வகுப்புலயா இருக்கா? யாருடைய அம்மா இவங்க?"

யாரும் எழவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் என் காதில், "யாருடி அந்த மீன்காரி பொண்ணு?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். உன் காதில் விழுந்திருக்காது என்று வெகுகாலம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். விழ வேண்டியதே இல்லை, நான் எழுந்து நிற்காததே போதாதா? நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டே, "அவ வரலைங்க சிஸ்டர். வூட்ல இருக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

அன்றைக்குத் திரும்பும்போது நீ முப்பது அடி அல்ல, இன்னும் தள்ளி வந்தாய். வீட்டுக்குள் நுழைந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "பசிக்குதா?" என்பதுதான். பிறகு சொன்னாய்: "சிஸ்டர்தான் சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்களே. நாளைக்கு உனக்கு மட்டும் ரெண்டு சங்கரா வறுத்துத் தரவா?"

"நீ?"

"நான் ஆரம்பிச்சிட்டேன். முடிச்சிடுறேன்."

ஏன் என்னைத் திட்டவில்லை? ஒரு அறை விட்டிருக்கலாமே? அன்றைக்கு நீ கேட்டிருந்தால் காலைப் பிடித்து அழுதிருப்பேன். நீ கேட்கவில்லை, நான் அழவில்லை. சங்கரா மட்டும் வேண்டாம் என்றேன்.

ஏழாம் நாள் சாமியார் பெரியவர்களைக் கேள்வி கேட்டார். தேறாதவர்களை ஆண்டகைமுன் நிறுத்த மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஏழு கொடைகளைச் சொல் என்றதும் நீ கண்ணை மூடிக்கொண்டாய். கழுத்து நிமிர்ந்தது, கூடை தலையில் இருப்பதுபோல. ஒவ்வொரு கொடைக்கும் ஓர் எட்டு வைத்து, கூடத்திலேயே ஏழு வீடு நடந்து முடித்தாய். சாமியார் ஒன்றும் புரியாமல், "சரியா சொல்லிட்டீங்கம்மா, ஏன் நடக்குறீங்க?" என்றார். முன்வரிசையில் இருந்த நான் தலை குனிந்திருந்தேன். உனக்காகப் பெருமைப்பட வேண்டிய நேரத்தில் கூட என்னால் நிமிர முடியவில்லை.

ஒன்பதாம் நாள் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் நாள். வரிசையில் எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் நீ நின்றாய். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. உனக்கு அப்படி என்ன பாவம் இருக்கிறது என்று யோசித்தேன். சட்டென்று உறைத்தது. மகள் வீட்டில் இருக்கிறாள் என்று மாதா படத்தைப் பார்த்துப் பொய் சொன்னாயே, அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாய். என் பாவத்தை நீ தூக்கிக்கொண்டு போய் உன் பாவமாக இறக்கி வைத்தாய்.

என் முறை வந்தது. பொறாமை, கோபம், காலை ஜெபம் விட்டது எல்லாம் சொன்னேன். அதை மட்டும் சொல்லவில்லை. ஆத்தும சோதனை செய்வது எப்படி என்று புத்தகத்தில் இருப்பதைத் தலைகீழாக ஒப்பிப்பவள் நான். பாவத்தை மறைத்து வைத்துக்கொண்டு உறுதிப்பூசுதல் போன்ற தேவதிரவிய அனுமானம் வாங்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி சிஸ்டரிடம் பரிசாகப் படம் வாங்கியவளும் நான்தான்.

மறுநாள் கோயிலில் நீ கல்யாணப் புடவையில் இருந்தாய். மடிப்பு மடிப்பாகப் பாச்சை உருண்டை வாசம். உன் ஞானத்தாயாக மதாம் நின்றார். எனக்கு அத்தை. பெரியவர்கள் முதலில். ஆண்டகை பரிமளத் தைலத்தைத் தொட்டுக்கொண்டு உன்னைப் பார்த்து, உறுதிப்பூசுதலுக்கு நீ எடுத்துக்கொண்ட பேர் என்ன என்று கேட்டார். மதாம் உன் வலது தோளில் கை வைத்திருந்தார்.

"செசிலி" என்றாய்.

கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, தெருவில் மீன் கூவுகிற குரலில். என் பேர். கூடத்துக்குள் கூப்பிடக் கூடாது என்று நான் தடுத்து வைத்த பேர்.

என் முறை வந்தபோது என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. பெர்னதெத் என்று நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பேரை அத்தைதான் பின்னாலிருந்து சொன்னார். அந்தக் காலத்தில் ஆண்டகை கன்னத்தில் ஓர் அடி போடுவாராம், அவமானத்தைத் தாங்கிக்கொள்ளும் பலம் வர. இப்போது அந்த வழக்கம் இல்லை என்று சிஸ்டர் சொன்னபோது பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினோம். அன்றைக்கு எனக்கு அந்த அடி வேண்டியிருந்தது. ஆண்டகை சிரித்து, "சமாதானம் உன்னோடு இருப்பதாக" என்றார்.

மத்தியானம் வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு. ஒன்பது நாள் கழித்து நீ வாயில் வைத்த முதல் மீன், உன் அண்ணன் கொடுத்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா எம் பேர எடுத்துக்கிட்டே?"

"வேற எந்தப் பேரு எனக்கு மறக்காம நிக்கும்? பயத்துல ஆண்டவர் பேரே மறந்துடும்போல இருந்துச்சு" என்று சிரித்துவிட்டு, நடுத்துண்டத்தை என் தட்டில் வைத்தாய்.

அவ்வளவுதானா அம்மா? உண்மையிலேயே அவ்வளவுதானா?

மறைத்த பாவத்தைப் பிறகு சொன்னேன். பதினெட்டு வயதில் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் சொன்னேன். வெவ்வேறு சாமியார்களிடம் சொல்லிவிட்டேன், எல்லாரும் மன்னிப்புக் கொடுத்தார்கள். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. பக்கத்து அறையில்தானே இருந்தாய்? நாளைக்கு, நல்ல நாள் பார்த்து என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உன் அடக்கத்துக்கு மாமா மண்டபத்தூரிலிருந்து வந்து, கோயிலுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ உட்கார்ந்த மாதிரியே. அன்றைக்கும் உன் பெட்டியின்மேல் கை வைத்துக்கொண்டு என்னென்னவோ சொல்லி அழுதேன், இதைச் சொல்லவில்லை.

சரி, போன ஞாயிற்றுக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஏழு கொடைகளைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது பேர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள், ஆனால் ஏழு ஏழுதான். அவர்களுக்கும் வரிசை பிசகியது. உன் வழியைச் சொன்னேன், வாத்தியார் வீட்டில் தொடங்கிப் போலீஸ்காரர் வீடு வரை. பத்தே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் துருதுருவென்று எழுந்து, "இத உங்களுக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா" என்றேன்.

யோசிக்கவேயில்லை அம்மா, அதுவாக வந்துவிட்டது. முப்பது வயதாகிறது எனக்கு, நீயும் இல்லை, கூடத்தில் வாடையும் இல்லை, கேலி செய்ய அந்த டவுன் பிள்ளைகளும் இல்லை. இருந்தும் நாக்கு பழைய இடத்துக்கே போனது. ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த இராயப்பருக்காவது கோழி கூவியது. எனக்கு மணி அடித்து வகுப்பு முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உன் கூடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இதை எழுதத் தொடங்கினேன். எழுதியதைப் பங்கு இதழில் போடச் சொல்லிச் சாமியாரிடம் கொடுக்கப் போகிறேன். வருகிற ஞாயிறு காலைப் பூசையில் எல்லார் கையிலும் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார்கள். எனக்குப் பின்வாங்க வழி வேண்டாம் என்றுதான் இப்படிச் செய்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். ஆண்டகை வரும்வரை ஒன்பது நாளும் நம் வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்திருக்கும். சாப்பிடலாம் என்று எனக்குத் தெரியும், உன் பேரப்பிள்ளை முனகுவான் என்பதும் தெரியும். உன்னைப் போல, ஆரம்பித்தால் முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும், ஜெபத்துக்கும் முன்னால், அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்வேன். சிஸ்டர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கும் அதேதான் பதில். சத்தமாகச் சொல்வேன், நீ கூவுகிற குரலில். இங்கே எழுதியும் வைக்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபத்தூர் மீன்காரி செல்லம்மா என்கிற ஆரோக்கியமேரி செசிலியின் மகள்,
செசிலி